ஆண் குதிரையா, பெண் குதிரையா?

என் பத்து வயது மகள் குதிரைச் சவாரி கற்றுக்கொள்ளப் போகிறாள் என்றதும், பக்கத்து வீட்டு மாமி கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஆண் குதிரையா, பெண் குதிரையாடி? பார்த்து ஏத்து! பெண் குதிரைக்குக் கோபம் ஜாஸ்தியாமே?"

மாமியை மட்டும் சொல்வானேன்? சவாரிப் பள்ளிகளிலேயே இந்தப் பேச்சு உண்டு. பெற்ற குழந்தையை அவ்வளவு உயரத்தில் ஏற்றிவிட்டு வேலி ஓரம் நிற்கிற எந்தத் தாய்க்கும் வயிற்றைப் பிசையத்தான் செய்யும். அதனால் பயிற்சியாளர், லாயத்துக் குதிரைக்காரர், கால்நடை மருத்துவர் என்று ஒருவரையும் விடாமல் துளைத்தெடுத்துவிட்டேன். புத்தகங்களும் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மூன்று வகை

சவாரிக்காரர்கள் கணக்கில் குதிரை மூன்று வகை. காயடிக்காத ஆண் குதிரைக்கு ஸ்டாலியன் என்று பெயர். காயடித்தது ஜெல்டிங். பெண் குதிரை மேர்.

ஸ்டாலியன் பார்ப்பதற்கு ராஜா மாதிரி இருக்கும். ஆனால் பெண் குதிரையின் வாசனை பட்டால் போதும், முதுகில் ஆள் இருப்பதே மறந்துபோகும். இன்னொரு ஆண் குதிரையைக் கண்டால் சண்டைக்குக் கிளம்பும். நன்றாகப் பழக்கிய ஸ்டாலியன்கள் ஒலிம்பிக்கில்கூட ஓடுகின்றன. ஆனால் அவற்றின் மேல் இருப்பவர்கள் கை தேர்ந்தவர்கள். கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு ஸ்டாலியன் வேண்டவே வேண்டாம்.

பெரும்பாலும் 1 வயதிலிருந்து 2 வயதுக்குள் காயடித்துவிடுகிறார்கள். ஆண் ஹார்மோன் சுரப்பது நின்றுபோவதால், ஜெல்டிங்கின் சுபாவம் நேற்று போல் இன்றும் இருக்கும். ஆரம்பக்காரர்களுக்கு ஜெல்டிங்கையே பலரும் சிபாரிசு செய்வது இதனால்தான். ஆனால் காயடித்துவிட்டால் எல்லாம் பசுவாகிவிடும் என்று எண்ண வேண்டாம். சிலதுக்குப் பழைய முரட்டுத்தனம் போகாது.

மேருக்குப் பகல் நீளும் மாதங்களில் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும். 5 முதல் 7 நாள் வரை நீடிக்கும். அந்த நாட்களில் அடிக்கடி சிறுநீர் கழிக்கும், வாலைத் தூக்கும், கனைக்கும், சிலதுக்குக் கவனம் சிதறும். வேறு சில மேர்களிடம் ஒரு வித்தியாசமும் தெரியாது. நம்மிலும் அப்படித்தானே!

"மேர்னா அப்படித்தான்!"

எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்று உண்டு. ஒரு சவாரிப் பள்ளியில், சேணத்தின் வாரை இறுக்கும்போதெல்லாம் ஒரு மேர் காதை மடக்கிக் கடிக்க வந்தது. "மேர்னா அப்படித்தாம்மா, விடுங்க" என்றார்கள். பல நாள் கழித்து மருத்துவர் வந்து பார்த்தபோது, சேணம் பொருந்தாமல் முதுகு புண்ணாகி இருந்தது! வாயில்லா ஜீவன் வேறு எப்படிச் சொல்லும்?

சேணம் அழுத்துவது, வயிற்றுப்புண், பல்வலி எல்லாம் ஆண், பெண் இரண்டுக்கும் வரும். சூலகத்தில் கட்டி வந்த மேர் சில சமயம் ஸ்டாலியன் போலவே முரண்டு பிடிக்கும். அமைதியாக இருந்த குதிரை திடீரென்று மாறினால் அதன் குணத்தைக் குறை சொல்லாமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இது குதிரையின் நலம் மட்டுமல்ல, மேலே உட்காரும் குழந்தையின் பத்திரமும்கூட.

ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பொருத்தமாக இருக்கிறது. குதிரை வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பார்த்ததில், மேய்ச்சலில் பிடிக்கப் போனால் மேர்கள் நழுவுவது அதிகம். கயிறு, போர்வையைக் கடிப்பதில் ஜெல்டிங்குகளே முன்னணி. முதுகில் ஏறியபின் நடந்துகொள்வதிலோ இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லையாம்!

ஜூபிலி என்ற மேர்

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டல் 1944-ல் கர்ப்பமாக இருந்தபோது இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் தாய்க்கு முழங்காலுக்குக் கீழே செயல் இல்லை. விடாமல் பயிற்சி செய்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956-லும் வெள்ளி. ஏற இறங்கப் பிறர் உதவி தேவைப்பட்ட அவரைச் சுமந்து சென்ற ஜூபிலி ஒரு மேர்தான்.

சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்

* குதிரைக்கு என்ன வயது? குழந்தைக்கு 10 வயதைத் தாண்டிய, பழகிய குதிரையே நல்லது. இளங்குதிரையும் புதுப்பிள்ளையும் சேரக் கூடாது.
* இதற்கு முன் குழந்தைகளை ஏற்றியிருக்கிறதா? வேறு யாராவது சவாரி செய்வதை முதலில் கண்ணால் பாருங்கள்.
* சேணம் மாட்டும்போது காதை மடக்குகிறதா, கடிக்க வருகிறதா? ஆம் என்றால் காரணம் கேளுங்கள்.
* மேர் என்றால், பருவ நாட்களில் எப்படி இருக்கும்? குதிரைக்காரருக்கு அத்துப்படியாக இருக்கும்.
* அளவான ஹெல்மெட், சிறு குதிகால் வைத்த மூடிய ஷூ உண்டா? இவை இல்லாமல் ஏற்றவே கூடாது.

இன்னொன்று. ஆணோ பெண்ணோ, குதிரையின் நேர் பின்னால் போய் நிற்கக் கூடாது என்பதைக் குழந்தைக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.