பி.டி. பீரியட் பாக்கி!

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டு ஏழாங்கிளாஸ் வாண்டைத் திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க. படியேறும்போதே பேச்சுக் கொடுங்க. பேச முடியுது, பாட முடியலையா? மிதமான பயிற்சி. ரெண்டு வார்த்தைக்கே மூச்சு வாங்குதா? கடுமையான பயிற்சி! ஒல்லியா இருந்தா மட்டும் ஃபிட்னெஸ் இல்லீங்க. இதயமும் நுரையீரலும் தாக்குப்பிடிக்கணும், தசையில பலம் வேணும், உடம்பு வளையணும். 5 முதல் 17 வயசு வரை தினமும் சராசரியா 60 நிமிஷம் இப்படி மிதமாவோ கடுமையாவோ ஓடியாடணும்னு 2020-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் கடன் வாங்கிட்டா, அதை யார் திருப்பித் தர்றது? சாயங்காலம் ஒரு பந்தோட நீங்கதான்! 18 தாண்டிய உங்களுக்கும் வாரம் 150 நிமிஷமாவது பாக்கி இருக்கு பாஸ்!