முட்டைத் தேக்கமும் கணவாய் ஓடும்

திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் துறையில் தூண்டில் மீனவர்கள் கணவாய் பிடித்துக் கரைசேர்ப்பது வழக்கம். அதன் சதை உணவாகின்றது. உள்ளிருக்கும் வெண்ணிற ஓடு பெரும்பாலும் கழிவாகப் போய்விடுகின்றது. சித்த மருத்துவத்தில் கடல்நுரை எனப்படும் இவ்வோடு, கூண்டுப் பறவைகளுக்குச் சிறந்த சுண்ணச் சத்தாகும்.

நோயின் காரணம்

‘லவ் பேர்ட்ஸ்’ என்று மக்கள் அழைக்கும் பட்ஜரிகர் போன்ற சிறு பறவைகளில், முட்டை வெளிவராமல் முட்டைக் குழாயிலேயே தங்கிவிடுவதுண்டு. இதுவே முட்டைத் தேக்கம் எனப்படும். உடனே கவனிக்காவிடில் பறவை மடிய நேரிடும்.

முட்டையோட்டில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட்டாகும். பட்ஜரிகர் ஒன்றுவிட்டு ஒரு நாளாக 4 முதல் 6 முட்டைகள் வரை இடுகின்றது. இதற்கான கால்சியம் உணவிலிருந்தும் எலும்பிலிருந்தும் செலவாகின்றது. அச்செலவு ஈடுசெய்யப்படாவிடில் ஓடு மென்மையாகும். தசைகள் சுருங்குவதற்கும் கால்சியம் தேவையாதலால், முட்டையை வெளியே தள்ளும் ஆற்றலும் குன்றும். குளிர், பருமன், ஓய்வின்றி ஈனுதல் ஆகியனவும் இந்நோய்க்குக் காரணங்களாகும்.

உணவு முறை

தினை மட்டும் கொடுத்து வளர்ப்பதே பெரும் பிழை. 100 கிராம் தினையில் சுமார் 30 மில்லிகிராம் கால்சியமே உண்டு. கேழ்வரகிலோ அது 300 மில்லிகிராமுக்கும் மேற்பட்டது. முளைகட்டிய கேழ்வரகும் முருங்கைக்கீரையும் சேர்த்தளிக்க வேண்டும். பசலைக்கீரையிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தைப் பிணித்துவிடுவதால், அதனை மட்டும் நம்பலாகாது.

கணவாய் ஓட்டை நன்னீரில் சில நாள் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, பின்னர் கொதிக்கவைத்து வெயிலில் உலர்த்துக. மென்மையான பக்கம் பறவையை நோக்குமாறு கூண்டில் கட்டுக. எண்ணெய்க் கசிவு படிந்த ஓடுகளைத் தவிர்க்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பு வாயையும் குடலையும் புண்ணாக்குமாதலால் அதனை ஒருபோதும் கொடுத்தல் கூடாது.

உண்ட கால்சியம் உடலிற் சேர வைட்டமின் ‘டி’ வேண்டும். இளவெயில் நேராகப் படும்படி கூண்டை வைத்து, ஒரு பகுதிக்கு நிழலும் அமைத்தல் நலம். கண்ணாடிச் சன்னலூடே வரும் வெயில் இதற்குப் பயன்படாது.

நோய் கண்டால்

பறவை இறகு சிலிர்த்துக் கூண்டின் தரையில் அமர்ந்து முக்குமாயின், அதனை வெதுவெதுப்பான இடத்தில் வைத்து விரைந்து கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. வயிற்றை அழுத்தினால் முட்டை உள்ளே உடைந்து உயிருக்கே கேடாகும்.

ஆசிரியர்கள் கணவாய் ஓட்டின்மீதும் முட்டையோட்டின்மீதும் சில துளி வினிகர் விட்டுக் காட்டலாம். இரண்டும் நுரைத்துப் பொங்குவதிலிருந்து, இரண்டிலும் உள்ள பொருள் ஒன்றே என்பதை மாணவர் எளிதில் உணர்வர்.