இரண்டு பாலங்களுக்கு இடையில்: குறிஞ்சாக்கேணி கேட்கும் கேள்வி

சிறு வயதில் கிண்ணியாவுக்குப் போவதென்றால் எனக்கு உள்ளூரப் பயம். பஸ்ஸில் வந்து துறையடியில் இறங்கி, ‘பாதை’ வரும்வரை வெயிலில் நிற்க வேண்டும். அதில் லொறியும் ஏறும், மோட்டார் சைக்கிளும் ஏறும், ஆடுமாடும் ஏறும். அம்மம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொள்வார். தண்ணீரைப் பார்க்காதே, அக்கரையைப் பார் என்பார். யுத்த காலம் என்பதால் இக்கரையிலும் அக்கரையிலும் சோதனை வேறு.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி அரேபியாவின் கடனுதவியில் கட்டப்பட்டது. நீளம் 396 மீற்றர். அன்றைக்கு இலங்கையிலேயே நீளமான பாலம் அதுதான். 2011 இல் வடக்கில் சங்குப்பிட்டிப் பாலமும், 2014 இல் மட்டக்களப்பில் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டன. பாதைக்குக் காத்து நிற்கும் காலம் மெல்ல முடிகிறது என்று நம்மில் பலர் நினைத்தோம்.

அதே கிண்ணியாவில், 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலை, குறிஞ்சாக்கேணியில் ஒரு சிறிய பாதை கவிழ்ந்தது. அதில் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் இருந்தார்கள். அன்றே ஆறு உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலானோர் சிறுவர்கள். காயப்பட்டவர்களில் இறந்தவர்களோடு அந்த எண்ணிக்கை பின்னர் இன்னும் கூடியது.

ஏன் அந்தப் பிள்ளைகள் பாதையில் ஏறினார்கள்? அங்கே முன்பு ஒரு பாலம் இருந்தது. புதிய பாலம் கட்டுவதற்காகப் பழையது அகற்றப்பட்டது. புதியது முடியவில்லை. நிலவழியாகச் சுற்றிப் போகலாம், தூரம் கூட. காலையில் மணி அடிப்பதற்குள் பாடசாலைக்குப் போய்ச் சேர வேண்டிய பிள்ளைக்கு முன்னால் இருந்தது அந்தப் பாதைதான்.

விபத்துக்குப் பிறகு கைதுகள் நடந்தன. பாதையை நடத்தியவர்கள், அனுமதி கொடுத்த நகர சபையின் தலைவர் என்று அது போனது. பாராளுமன்றத்தில் பொறுப்பு ஒரு தரப்பிலிருந்து இன்னொரு தரப்புக்குத் தள்ளப்பட்டது. குற்றம் யாருடையது என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. நான் இங்கே விளக்க நினைப்பது வேறொன்றை. பழைய பாலம் உடைக்கப்பட்ட நாளுக்கும் புதிய பாலம் திறக்கப்படும் நாளுக்கும் இடையிலான காலம், அரசாங்கத்தின் கடதாசியில் எங்கே இருக்கிறது? அது யாருடைய வேலை?

பெறுகை என்பது கேள்விப்பத்திரம் மட்டுமல்ல

அரசாங்கம் பொதுப்பணத்தில் ஒரு பொருளையோ சேவையையோ கட்டட வேலையையோ பெற்றுக்கொள்ளும் முழு நடைமுறைக்கும் ‘பெறுகை’ என்று பெயர். நமக்குத் தெரிந்தது அதன் நடுப்பகுதி மட்டும்: பத்திரிகையில் அறிவித்தல், கேள்விப்பத்திரம், விலை குறைந்தவருக்கு வேலை. உண்மையில் அது அதற்கு வெகு முன்னரே தொடங்குகிறது. தேவையை அறிவது, மண்ணையும் நீரையும் ஆய்வது, வரைபடம், மதிப்பீடு, பணம் எங்கிருந்து வரும் என்பது, அதன் பிறகே கேள்விப்பத்திரம். தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு விலைமனுக்களைப் பார்த்துப் பரிந்துரைக்கும்; பெறுகைக் குழு தீர்மானிக்கும். ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு மேற்பார்வை, கொடுப்பனவு, தரச் சோதனை. வேலை முடிந்து கையளித்த பிறகும் குறைபாடுகளைத் திருத்தும் காலம் ஒன்று உண்டு. அந்தக் காலம் வரை ஒப்பந்தகாரரின் பணத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் பிடித்து வைத்திருக்கும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அங்கேதான் சனம் விழும்.

எழுதப்படாத வேலை

ஒவ்வொரு கட்டட ஒப்பந்தத்திலும் ‘பி.ஓ.கியூ.’ என்று எல்லோரும் சொல்லும் கணியப்பட்டியல் ஒன்று இருக்கும். எத்தனை கன மீற்றர் கொங்கிறீற், எத்தனை தொன் கம்பி, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்று வரிவரியாக இருக்கும். அதன் முற்பகுதியில் ஆரம்ப வேலைகள் வரும்: வேலைத்தளக் காரியாலயம், காப்புறுதி, எச்சரிக்கைப் பலகைகள், வேலை நடக்கும்போது போக்குவரத்தைப் பேணுதல், தற்காலிக மாற்றுவழி.

வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தற்காலிக மாற்றுவழி அந்தப் பட்டியலில் விலையோடு எழுதப்பட்டிருந்தால், அது ஒப்பந்தகாரரின் கடமை. செய்யாவிட்டால் அவருக்கு அந்தப் பணம் இல்லை. மேற்பார்வைப் பொறியியலாளர் கேட்கலாம். எழுதப்படாவிட்டால் அது எவருடைய கடமையும் அல்ல. ஒப்பந்தகாரர் தன் பட்டியலில் இல்லை என்பார். திணைக்களம் சுற்றுவழி இருக்கிறது என்று சொல்லும். உள்ளூராட்சி சபைக்கோ ஒரு பாதுகாப்பான பாதையைக் கட்டி, ஆட்களை எண்ணி ஏற்றி, உயிர்காப்பு அங்கி கொடுத்து நடத்தும் நிபுணத்துவமும் இல்லை, பணமும் இல்லை. கடைசியில் அந்த வெற்றிடத்தை நிரப்புவது, கிடைத்ததைக் கொண்டு ஒருவர் ஓட்டும் பாதை.

மதிப்பீட்டைக் குறைத்துக் காட்ட வேண்டிய நெருக்கடி வரும்போது முதலில் வெட்டுப்படக் கூடியவையும் இப்படியான வரிகளே. தூணைக் குறைத்தால் பாலம் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். மாற்றுவழியைக் குறைத்தால் வரைபடத்தில் எதுவும் மாறாது.

உடைக்க முன்னர் கேட்க வேண்டியவை

எல்லாப் பாலத்தையும் உடைத்துத்தான் கட்ட வேண்டும் என்றில்லை. மட்டக்களப்பு–பொலன்னறுவை வீதியால் போய்வந்தவர்களுக்கு மன்னம்பிட்டிப் பாலம் தெரியும். முன்பு ரயிலும் வாகனங்களும் ஒரே பழைய பாலத்தையே பாவித்தன. 2007 இல் ஜப்பானிய உதவியோடு அதன் பக்கத்தில் வாகனங்களுக்குப் புதிய பாலம் கட்டப்பட்டது. பழையது நின்றபடியே புதியது எழுந்தது. ஒரு நாளும் வழி அறுபடவில்லை. எல்லா இடத்திலும் இது சாத்தியமில்லைதான். பக்கத்தில் காணி வேண்டும், அணுகு வீதியைத் திருப்ப வேண்டும், செலவு கூடும். சில பழைய பாலங்கள் நிற்பதே ஆபத்து. ஆனால் உடைப்பதுதான் வழி என்றால், உடைக்கும் முன்னரே இரண்டு விடயங்கள் உறுதியாக இருக்க வேண்டும்: புதியதை முடிக்கும் பணம்; அதுவரை சனம் கடக்கும் வழி.

பணம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒப்பந்தகாரருக்குத் தொடக்கத்தில் ஒரு முற்பணம் கிடைக்கும். அதன் பிறகு செய்த வேலையை அளந்து, பொறியியலாளர் சான்றிதழ் கொடுக்க, கட்டம் கட்டமாகக் கொடுப்பனவு வரும். அந்தக் கொடுப்பனவு தாமதமானால் வேலை மெதுவாகும். சீமெந்தும் கம்பியும் விலை ஏறினால் பழைய விலையில் வேலை செய்ய ஒருவரும் வரமாட்டார்கள். 2022 இல் நாடு வங்குரோத்து நிலைக்குப் போனபோது நாடெங்கும் வீதி வேலைகள் அப்படியே நின்றன. குறிஞ்சாக்கேணிப் பாலமும் விபத்துக்குப் பிறகு வந்த ஆண்டுகளில் முடியாமல் கிடந்தது. பாதி கட்டிய பாலத்தை நெருக்கடி முடிந்த பிறகு தொடரலாம். உடைத்த பாலத்தை நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் திரும்ப வைக்க முடியாது.

காவலுக்கு யார் இருந்தார்கள்?

பெறுகையைக் கண்காணிக்க ஒரு சுயாதீன அமைப்பு வேண்டும் என்று 2015 இல் 19 ஆவது திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவை அரசியலமைப்பிலேயே உருவாக்கியது. 2020 இல் 20 ஆவது திருத்தம் அதை இல்லாமல் செய்தது. 2022 இல் 21 ஆவது திருத்தத்தோடு அது மீண்டும் வந்தது. குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்த அந்த நவம்பர், ஆணைக்குழு இல்லாத காலத்துக்குள் விழுகிறது.

ஆணைக்குழு இருந்திருந்தால் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. கொழும்பிலிருக்கும் ஓர் ஆணைக்குழு கிண்ணியாவின் ஒவ்வொரு துறையடியையும் வந்து பார்க்காது. ஆனால் விதிகளை வகுக்கவும் மீறல்களைக் கேட்கவும் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணமே அதிகாரிகளின் பேனாவைக் கொஞ்சம் நிதானமாக்கும்.

நமது கையில் இருக்கும் சட்டம்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் காணாமல்போனோர் விடயத்திலும் காணி விடயத்திலும் நம்மவர்கள் பலர் பாவித்திருக்கிறார்கள். அதன் 9 ஆவது பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. உள்நாட்டுப் பணத்தில் 5 இலட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டு நிதியில் 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட எந்தத் திட்டத்தையும், அது தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்னர், பொதுமக்களுக்கும் அதனால் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் அறிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை என்று அது சொல்கிறது. அவசர வேலை என்றால் ஒரு வாரத்துக்கு முன்னர் அறிவிக்க வேண்டும். அவசரத்துக்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். திட்டம் நடக்கும் காலம் முழுவதும், எழுத்தில் கேட்கும் பிரசைக்குப் புதிய விபரங்களையும் கொடுக்க வேண்டும்.

இந்த வரிகளின் பெறுமதி சம்பூர் மக்களுக்குத் தெரியும். 2006 இல் அவர்கள் ஊரைவிட்டு ஓடி முகாம்களில் இருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சம்பூரில் 500 மெகாவாற் அனல்மின் நிலையம் அமைக்க இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் உடன்பாடு செய்தன. ஊரின் சொந்தக்காரர் தறப்பாளின் கீழே. ஊரின் எதிர்காலம் வேறு மேசையில். பத்து ஆண்டு இழுபட்டு, 2016 செப்டெம்பரில் அந்தத் திட்டம் முன்னெடுக்கப்படாது என்று அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் சொன்னது. பாதிக்கப்படுபவருக்கு முன்கூட்டியே சொல்லும் கடமை 2006 இல் சட்டமாக இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

விண்ணப்பிப்பது கடினமில்லை. உரிய திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தரவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு செய்யலாம். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

உங்கள் ஊரில் ஒரு பாலமோ பாடசாலைக் கட்டடமோ வைத்தியசாலை விடுதியோ உடைபடப் போகிறதென்றால், இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. ஒப்பந்தத் தொகை எவ்வளவு, பணம் எங்கிருந்து வருகிறது, இந்த ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டது எவ்வளவு?
2. ஒப்பந்தகாரர் யார், தொடங்கும் திகதி எது, முடிக்கும் திகதி எது?
3. கணியப்பட்டியலில் தற்காலிக மாற்றுவழிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது?
4. அந்த மாற்றுவழியின் பாதுகாப்பை எந்த அதிகாரி, எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதிப்பார்?
5. கால நீடிப்பு கொடுக்கப்பட்டிருந்தால், எத்தனை முறை, என்ன காரணத்துக்கு?

மூன்றாவது கேள்விக்குப் பதில் ‘இல்லை’ என்று வந்தால், அந்தக் கடதாசியைப் பிரதி எடுத்து மாவட்ட அபிவிருத்திக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். பெக்கோ வருவதற்கு முன்னர் கொண்டுபோங்கள்.

குறிஞ்சாக்கேணியில் விபத்து நடந்து சில நாட்களுக்குள் கடற்படை அங்கே பயணிகள் படகுச் சேவையைத் தொடங்கியது. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. படகு இந்த மாவட்டத்திலேயே இருந்தது. ஓட்டத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். முன்னரே வந்திருக்கக் கூடிய படகு அது. அதைக் கொண்டுவர வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் எவருடைய கடதாசியிலும் இருக்கவில்லை.

திறப்பு விழாவில் யாருடைய பெயரைக் கல்லில் பொறிப்பது என்று நம் அரசியல்வாதிகள் சண்டை பிடிக்கட்டும். நாம் கேட்க வேண்டியது அடிக்கல் நடும் அன்றைக்கே கேட்க வேண்டிய கேள்வி: நாளைக்குக் காலையில் எங்கள் பிள்ளைகள் எந்த வழியால் பாடசாலைக்குப் போவார்கள்?