இமைப்பும் ஒளிமாற்றமும்: வருணனை அளந்த முறை

விண்மீன் இமைக்கிறது என்பது நம் வழக்கு. அதன் ஒளி நம்மை வந்தடையுமுன் கடக்கும் காற்றின் அலைவே அவ்விமைப்புக்குக் காரணம். வானிலுள்ள பொருளே ஒளி கூடியும் குறைந்தும் தோன்றுமாயின் அதனை ஒளிமாற்றம் என வேறு சொல்லால் சுட்டுதல் நன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே தொலைதூரச் சிறுபொருள்களை அளக்கும் கலையின் முதற்படி.

நெப்டியூனுக்கு அப்பால் கைப்பர் பட்டையில் பனியும் பாறையும் கலந்த பொருள்கள் பல கதிரவனைச் சுற்றி வருகின்றன. 2000 நவம்பரில் அரிசோனாவின் கிட் பீக்கில் கண்டறியப்பட்ட ஒன்றுக்கு வருணன் என்று பெயரிட்டனர். நெய்தல் நிலத்தின் தெய்வமாகத் தொல்காப்பியம் குறிக்கும் பெயர் அது. இந்தியில் நெப்டியூனையே வருண் என வழங்குவர், மாணவர் மயங்கலாகாது. கதிரவனிலிருந்து பூமி உள்ள தொலைவைப்போல் ஏறத்தாழ 43 மடங்குத் தொலைவில் உள்ள வருணன், பெரிய தொலைநோக்கியிலும் வெறும் புள்ளியே. புள்ளியின் வடிவை எவ்வாறு அறிவது?

வருணனை அதன் அருகில் தோன்றும் விண்மீன்களோடு சேர்த்து மீண்டும் மீண்டும் படமெடுப்பர். மெல்லிய முகிலோ காற்றோ குறுக்கிட்டால் அனைத்தும் ஒருசேர மங்கும். வருணன் மட்டும் மங்கினால் அம்மாற்றம் அதற்கே உரியது. ஹவாயில் இவ்வாறு அளந்த டேவிட் ஜூவிட், ஸ்காட் ஷெப்பர்டு ஆகியோர் 2002இல் முடிவை வெளியிட்டனர். வருணனின் மிகுந்த ஒளி, குறைந்த ஒளியைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய 3 மணி 10 நிமிடத்திற்கு ஒருமுறை நிகழ்ந்தது.

ஒளி மங்கியது என்ற பதிவு மட்டுமே காரணத்தைக் கூறிவிடாது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசை ஒட்டி ஒரு விண்மீனின் ஒளி மங்கியதைத் தமிழ்நாட்டின் காவலூர் வான்நோக்ககம் பதிவு செய்தது. புதிய துணைக்கோள் மறைத்ததாக அங்கு முதலில் கருதினர். பிற இடங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது மறைத்தவை யுரேனசின் வளையங்கள் எனத் தெளிவாயிற்று.

வருணனுக்கும் இரு விளக்கங்கள் இருந்தன. வகுப்பறையில் இவற்றைச் சோதிக்கலாம். தேக்கா சந்தையில் நீண்ட உருளைக்கிழங்கு ஒன்று வாங்கி, நடுவில் நூல் கட்டிக் கிடையாகத் தொங்கவிடுக. அறையை இருளாக்கி, கண்ணருகே கைவிளக்கைப் பிடித்துக் கிழங்கைச் சுழற்றுக. ஒரு சுழற்சியில் அதன் அகன்ற பக்கம் இருமுறை தோன்றும். ஒளியும் இருமுறை மிகும். ஒரு பாதி கருமை பூசிய பந்தோ ஒருமுறையே ஒளி மிகும்.

மேற்பரப்பின் கறையே காரணமாயின் நிறமும் மாறக்கூடும். வருணனின் நிறம் மாறவில்லை. ஆகவே அது நீண்ட வடிவினது எனவும், ஒரு சுழற்சிக்கு 6 மணி 20 நிமிடம் கொள்வது எனவும் முடிவு செய்தனர். இவ்விரைவில் சுழலும் பொருள் எவ்வளவு நீளும் என்பது அதன் அடர்த்தியைப் பொறுத்தது. அக்கணக்கின்படி வருணனின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே. பாறை கலந்தும் இவ்வளவு குறைவாயின் உள்ளே வெற்றிடங்கள் மிகுதி எனலாம்.

சிராங்கூன் சாலையின் விளக்கொளியில் இத்தகைய பொருளைக் காண இயலாது. ஆயினும் மாற்றம் இடையிலுள்ள காற்றினுடையதா, பொருளினுடையதா என்று முதலில் வினவும் பழக்கத்தை நம் வகுப்பறைகளில் வளர்க்க இயலும்.