ஆறு நிமிடமும் ரூ.1.43 லட்சமும்

20 பேர் கொண்ட ஒரு குழு, வேலைகளைப் பங்கிட்டுக் கண்காணிக்க ஒரு திட்ட மேலாண்மை மென்பொருள் வாங்குகிறது என்று கொள்வோம். டாலர் ரூ.85, விலை 2024ஆம் ஆண்டுப் பட்டியல்படி, ஆண்டுச் சந்தா, வரி நீங்கலாக. ஜோஹோ புராஜெக்ட்ஸ் பிரீமியம் ஆள் ஒன்றுக்கு மாதம் 4 டாலர். 20 பேருக்கு ஆண்டுக்கு ரூ.81,600. ட்ரெல்லோ ஸ்டாண்டர்ட் 5 டாலர், ரூ.1,02,000. ஆசனா ஸ்டார்ட்டர் 10.99 டாலர், ரூ.2,24,196. ஆசனா அட்வான்ஸ்டு 24.99 டாலர், ரூ.5,09,796. அதே 20 பேருக்குத்தான் இந்த 6.2 மடங்கு வித்தியாசம்.

ஆசனா ஸ்டார்ட்டரையே மாதச் சந்தாவாக எடுத்தால் ஆள் ஒன்றுக்கு 13.49 டாலர், அதாவது 22.7 சதவீதம் கூடுதல். 20 பேருக்கு ஆண்டில் ரூ.51,000 அதிகம். ஆட்கள் நிலையாக இருப்பார்களா என்ற தயக்கத்தில் பலர் மாதச் சந்தாவை எடுக்கிறார்கள். ஆண்டின் நடுவில் 7 பேர் விலகினாலும் ஆண்டுச் சந்தாதான் மலிவு. 8 பேர் விலகினால்தான் மாதச் சந்தா முந்துகிறது.

ஆள் எண்ணிக்கையின் விளிம்புகளில் கணக்கு மாறும். இதே வகை மென்பொருளான ஜிராவின் இலவசத் திட்டம் 10 பேர் வரை. 11ஆவது ஆள் சேர்ந்தால் 11 பேருக்கும் கட்டணம். மண்டே.காம் இந்த அளவுக் குழுக்களுக்கு 5 இருக்கைகள் கொண்ட தொகுதிகளாக விற்கிறது. 21 பேர் உள்ள குழு 25 பேருக்குப் பணம் கட்ட வேண்டும். ஸ்டாண்டர்ட் திட்டம் ஆள் ஒன்றுக்கு மாதம் 12 டாலர் என்பதால், அந்த 21ஆவது ஆள் ஒருவருக்காக ஆண்டில் கூடும் செலவு 720 டாலர், ரூ.61,200. பேஸ்கேம்ப் நேர்மாறு. தலைக்கு மாதம் 15 டாலர், அல்லது எத்தனை பேருக்கும் மாதம் 299 டாலர். 20ஆவது ஆளில் இரண்டும் ஏறக்குறைய சமம். 40 பேர் என்றால் முதல் முறையில் ரூ.6,12,000, இரண்டாவதில் ரூ.3,04,980. அடுத்த ஈராண்டில் குழு எவ்வளவு வளரும் என்பதை மதிப்பிடாமல் இதில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

டாலரில் கட்டும் சந்தாவில் நாணய மதிப்பும் ஒரு செலவு. 2014 இறுதியில் டாலர் சுமார் ரூ.63, 2024 இறுதியில் சுமார் ரூ.85. 20 பேருக்கான ஆசனா ஸ்டார்ட்டரின் 2,637.60 டாலர் ஆண்டுச் சந்தா பழைய மதிப்பில் ரூ.1,66,169தான். விலைப்பட்டியல் ஒரு சென்ட் கூட ஏறாமலே ரூ.58,027 கூடுகிறது. கடன் அட்டையில் கட்டினால் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் என்று கொண்டால் ரூ.7,847. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ இந்திய வாடிக்கையாளர்களிடம் ரூபாயிலேயே வசூலிப்பதால் இந்த இரண்டு செலவுகளும் அங்கே எழாது; மேலே உள்ள ரூ.81,600 ஒப்பீட்டுக்காக டாலர் பட்டியலிலிருந்து மாற்றியது. 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாவற்றுக்கும் உண்டு. பதிவு பெற்ற நிறுவனத்துக்கு உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பும். பதிவு பெறாத சிறு குழுவுக்கு அது நேரடிச் செலவு.

இதுவரை பார்த்தது சந்தா மட்டும். பெரிய தொகை நேரத்தில் இருக்கிறது. மாதச் சம்பளம் ரூ.50,000, மாதத்துக்கு 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் ஒரு மணி நேரத்தின் விலை ரூ.284. மென்பொருளில் ஒருவர் நாளுக்கு 1 நிமிடம் செலவிட்டால் 20 பேர், 250 வேலை நாட்களில் 5,000 நிமிடம். அதன் மதிப்பு ரூ.23,667. நாளுக்கு 10 நிமிடம் என்றால் ரூ.2,36,670. இது ஆசனா ஸ்டார்ட்டர் சந்தாவைவிட அதிகம். ஜோஹோ பிரீமியத்துக்கும் ஆசனா ஸ்டார்ட்டருக்கும் இடையிலான ரூ.1,42,596ஐ 23,667ஆல் வகுத்தால் 6 வருகிறது. விலை கூடியது தன் விலையை மீட்க, மலிவானதைவிட ஆளுக்கு நாளுக்கு 6 நிமிடம் மிச்சப்படுத்த வேண்டும். மிச்சமான நேரம் முழுவதும் வேலையாக மாறாது என்பதால் 8 நிமிடம் என்று வைப்பதே பாதுகாப்பு.

நேரம் எங்கே போகிறது என்பதைப் படிவத்தில் பார்க்கலாம். ஒரு புதிய வேலையைப் பதிய தலைப்பு, பொறுப்பாளர், கெடு, நிலை என்று 4 புலங்கள் போதும். அதில் முன்னுரிமை, பிரிவு, மதிப்பீட்டு மணி, வாடிக்கையாளர் குறியீடு என்று சேர்த்துக்கொண்டே போய் 14 ஆக்கினால், புலத்துக்கு 10 விநாடி வீதம் 100 விநாடி கூடும். ஒருவர் நாளுக்கு 3 வேலை பதிந்தால் 5 நிமிடம், ஆண்டுக்கு ரூ.1,18,335. ட்ரெல்லோவின் முழுச் சந்தாவை அந்த 10 புலங்கள் விழுங்கிவிடுகின்றன. எந்த மென்பொருள் என்பதைவிட, எந்தப் புலத்தைக் கட்டாயமாக்குகிறோம் என்பது செலவை அதிகம் தீர்மானிப்பதாகவே இந்தக் கணக்கு காட்டுகிறது.

சந்தாவே இல்லாத வழியும் உண்டு. நாமே ஒரு சர்வரில் நிறுவிக்கொள்ளும் திறமூல மென்பொருளான, 2006இல் வெளிவந்த ரெட்மைனுக்கு உரிமக் கட்டணம் 0. வாடகைச் சர்வர் மாதம் ரூ.1,000, பராமரிப்பு மாதம் 6 மணி நேரம், மணிக்கு ரூ.600 என்றால் ஆண்டுச் செலவு ரூ.55,200. ஜோஹோவுக்கு ஆள் ஒன்றுக்கு ஆண்டில் ரூ.4,080. குழுவில் 13 பேர் வரை ஜோஹோ மலிவு, 14ஆவது ஆளிலிருந்து ரெட்மைன் மலிவு. பராமரிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் மட்டும்.

வெளியேறும் செலவையும் எழுத வேண்டும். நாம் விரும்பாவிட்டாலும் விற்கும் நிறுவனமே அந்த நிலையை உருவாக்கலாம். ஜிராவை நடத்தும் அட்லாசியன், சொந்தச் சர்வரில் நிறுவும் உரிமங்களின் விற்பனையை 2021 பிப்ரவரி 2இல் நிறுத்தியது; ஆதரவை 2024 பிப்ரவரி 15இல் முடித்தது. அதன்பின் சொந்தச் சர்வருக்கு மிஞ்சிய பதிப்பில் ஜிராவுக்குக் குறைந்தபட்சம் 500 பயனர் தேவைப்பட்டது; 20 பேர் குழு அதில் 4 சதவீதம். 2022 ஏப்ரல் 5இல் அதே நிறுவனத்தின் மேகச் சேவையில், ஒரு பராமரிப்புப் பணியின் தவறால் 23 நிமிடங்களில் 883 தளங்கள் அழிந்தன. 775 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். சிலருக்கு 14 நாள் வரை சேவை திரும்பவில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களில் இது 0.4 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அந்த 775இல் ஒருவராக இருப்பவருக்கு அந்தச் சதவீதம் எந்த ஆறுதலும் தராது. எல்லா வேலைகளின் பட்டியலையும் மாதம் ஒருமுறை தரவிறக்கித் தனியே சேமிக்க 30 நிமிடம் போதும். ஆண்டுக்கு 6 மணி நேரம், ரூ.1,704. எந்த நிறுவனத்தின் சந்தாவை வாங்கினாலும் இந்தத் தொகையை முதல் ஆண்டிலிருந்தே பட்டியலில் சேர்க்க வேண்டும்.