நாய்க்கு வாயே கை

பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்து, பாட்டியின் கம்பளி, கதிரையின் கால், கதவின் ஓரம் என்று வீட்டுக்குப் புதிதாக வந்த நாய் எதையும் விட்டுவைப்பதில்லை. முதல் நாள் சிரிக்கிறோம். மூன்றாம் நாள் அதட்டுகிறோம். மாதம் முடிவதற்குள், "இந்தச் சனியனை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்" என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஒரு சோடிச் சப்பாத்தின் விலை அற்பமானதன்று. ஆகவே இக்கோபத்தைக் குறைகூற நாம் முன்வரவில்லை. அதன் விளைவை மட்டும் சற்றுச் சிந்திக்குமாறு வேண்டுகிறோம்.

விசர்நாய்க்கடி நோய் குறித்து 1893ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், இலங்கையில் கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. 2006ஆம் ஆண்டில் அரசாங்கம் அவ்வழக்கத்தைக் கைவிட்டு, தடுப்பூசியையும் கருத்தடையையும் நம்பும் கொள்கையை மேற்கொண்டது. அக்கொள்கை வெல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வீட்டில் சேர்த்த நாயை மீண்டும் வீதியில் தள்ளலாகாது. நுவரெலியா, அட்டன் மலைகளிலோ வேறோர் அபாயமும் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் இரவு வேளையில் சிறுத்தைகள் நாயைத் தேடி லயங்கள் வரை வருவதுண்டு. செருப்பைக் கடித்த குற்றத்துக்காக வாசலில் சங்கிலியால் கட்டப்பட்ட நாய், ஓடித் தப்பவும் வழியின்றி இரையாகிவிடும்.

ஏன் கடிக்கிறது?

நாம் ஒரு பொருளைக் கையால் தொட்டு அறிகிறோம். நாய்க்கு வாயே கை. அன்றியும் குட்டிக்குப் பல் முளைக்கும் வேதனை உண்டு. அதற்குப் பாற்பற்கள் 28. ஏறக்குறைய நான்காம் மாதமளவில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடுகின்றன. ஈறு தினவெடுக்கும் அக்காலத்தில் எதையேனும் மெல்லாமல் அதனால் இருக்க முடியாது.

பல் முளைத்த பின்னரும் கடிக்கும் நாய்க்குக் காரணம் வேறு. பசி ஒன்று, வேலையின்மை மற்றொன்று. தென்மேல் பருவமழை மாதக்கணக்கில் பெய்யும்போது நாய் வீட்டினுள் அடைபட்டுக் கிடக்கிறது. செலவாகாத சக்தியெல்லாம் பல்லுக்கு வந்துவிடுகிறது. மூன்றாவது காரணம் தனிமைப் பயம். தாய் கொழுந்து பறிக்கவும் பிள்ளைகள் பாடசாலைக்கும் சென்றபின், முன்பே ஒருமுறை கைவிடப்பட்ட நாய், "இவர்களும் போய்விட்டார்களோ!" என்பதுபோல் நடுங்குகிறது.

இவற்றைப் பிரித்தறிவது கடினமன்று. நாம் இருக்கும்போதும் கண்டதையெல்லாம் கவ்வினால் அது விளையாட்டு. நாம் இல்லாதபோது மட்டும் கதவையும் யன்னலையும் பிறாண்டி, ஊளையிட்டு, சிறுநீரும் கழித்துவைத்தால் அது பயம்.

அடித்தால் திருந்துமா?

"செய்த குற்றம் அதற்குத் தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்" என்பர் பலர். அமெரிக்க ஆராய்ச்சியாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார். எசமானர் வெளியே சென்றிருக்கையில் சில நாய்கள் விலக்கப்பட்ட தின்பண்டத்தைத் தின்றன, சில தின்னவில்லை. ஆனால் தின்னாத நாயைத் தின்றதாக நம்பித் திட்டியபோதும் அதே 'குற்ற முகம்' தோன்றியது. அந்த முகம் குற்றவுணர்ச்சியன்று, நம் அதட்டலுக்கு அஞ்சிய முகமே. காலையில் கிழித்த புத்தகத்துக்காக மாலையில் அடித்தால், அடிக்கும் புத்தகத்துக்கும் உள்ள தொடர்பை நாய் அறியாது. நம் வருகையைக் கண்டு அஞ்சக் கற்கும். பயம் கூடினால் கடியும் கூடும்.

செய்யத்தக்கவை

முதலாவது, பொருளை எட்டாத உயரத்தில் வைத்தல். பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையிலும் சுவரில் ஒரு பலகையோ உயரே ஒரு கயிறோ கட்ட இடமுண்டு. மின்சார வயரை முக்கியமாக மறைக்க வேண்டும்.

இரண்டாவது, கடிக்கத்தக்க பொருளைத் தருதல். கெட்டியான இறப்பர்ப் பந்து, முடிச்சிட்ட தடித்த துணி ஆகியன போதும். பழைய செருப்பைக் கொடுக்கலாகாது. பழையது எது, புதியது எது என்று நாய்க்குத் தெரியாது. நுவரெலியாவின் கரட் கிழங்கு இதற்கு உகந்தது. நன்கு கழுவிக் குளிரவைத்த முழுக் கரட், தினவெடுக்கும் ஈறுக்கு இதமளிக்கும். ஆனால் பக்கத்துப் பாத்தியில் விளையும் லீக்ஸ், வெங்காய இனமாதலால் நாய்க்கு நஞ்சு. தேயிலைத் தூளும் சக்கையும் அவ்வாறே. அவற்றிலுள்ள கஃபீன் அதன் இருதயத்தைத் தாக்கும். சமைத்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

மூன்றாவது, பண்டமாற்று. நாய் செருப்பைக் கவ்வினால் துரத்தாதீர்கள். துரத்துவதை அது விளையாட்டாகக் கொள்ளும். அதற்கு விருப்பமான ஓர் உணவைக் காட்டி, வாயிலுள்ளதை விட்டதும் பாராட்டி, அதன் சொந்தப் பொருளைக் கையளியுங்கள்.

நான்காவது, வேலை கொடுத்தல். காலையில் பெரட்டுக்குச் செல்லுமுன் அரைமணி நேர நடை நல்லது. மழை நாளில் உணவைப் பழந்துணியில் சுருட்டிவைத்துத் தேடியெடுக்க விடலாம்; மூக்குக்கு வேலை கிடைத்தால் பல் ஓயும்.

ஐந்தாவது, தனிமைக்குப் பழக்குதல். ஒரு நிமிடம் வெளியே சென்று அமைதியாகத் திரும்புக; பின்னர் இரண்டு, ஐந்து, பத்து என்று நீட்டுக. பல வாரங்களாகியும் நடுக்கம் தீராவிடின் மிருக வைத்தியரை நாடுவதே அறிவுடைமை.

ஒன்றை மறத்தலாகாது. விளையாட்டாகக் கடிக்கும் குட்டியின் பல்லும் தோலைக் கீறும். ஆதலால் விசர்நோய்த் தடுப்பூசியை நாய்க்குத் தவறாது போடுவிக்க வேண்டும். எவரேனும் கடிபட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இப்பொறுப்பிற் பெரும்பகுதியை வீட்டு மாணவர்களே ஏற்கலாம். சப்பாத்தைக் கழற்றியதும் உயரே வைப்பதும், புத்தகத்தைத் தரையில் போடாதிருப்பதும், நாயை நாள்தோறும் நடத்திச் செல்வதும் சிறுவர்க்கு இயலாதவையல்ல. ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ இவ்வாறு பொறுத்துப் பழக்கினால், அந்நாய் பத்தாண்டுக்கு மேலும் அவ்வீட்டு வாசலைக் காத்துக் கிடக்கும்.