நிலாவில் 82 டிகிரி... நம்ம வீட்டு ஷீட்ல எவ்வளவு பாஸ்?

நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்களை நீங்க பக்கத்துல இருந்து பார்த்திருக்கீங்களா? காலையில ஆறரை மணிக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வந்து நின்னா வரிசையா பார்க்கலாம். டீ கிளாஸைக் கையில பிடிச்சபடியே கண்ணு சொருகும். அதில் ஒருத்தர் எங்கப்பா. கம்பி உருட்டுற ரோலிங் மில்லில் வேலை. ராத்திரி முழுக்க, பழுக்கக் காய்ச்சின இரும்புக்குப் பக்கத்துல நிப்பார். வீட்டுக்கு வந்து குளிச்சு, ரெண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கிட்டு பாயை விரிச்சா... பத்து மணிக்கு மேல எங்க வீட்டு சிமென்ட் ஷீட்டே இன்னொரு ஃபர்னஸ் ஆயிடும்!

நான் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். "ஃபிசிக்ஸ், வானியல், நர்ஸிங், எகனாமிக்ஸ்னு நாலு பக்கமும் என்னென்ன ஆராய்ச்சி வந்திருக்குன்னு படிச்சு எழுதிட்டு வா"ன்னு இங்கே சொல்லி அனுப்பிட்டாங்க. இந்த நாலுக்கும் என்னய்யா சம்பந்தம்னு மின்சார ரயிலில் பொன்னேரி தாண்டியும் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே வந்தேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சா அப்பா புரண்டு புரண்டு படுத்துட்டிருக்கார். சம்பந்தம் கிடைச்சிடுச்சு. வெக்கை!

முதல்ல மேலே போயிட்டு வந்துடுவோம். எங்களுக்கு ஸ்ரீஹரிகோட்டா பக்கத்து ஊர் மாதிரி. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம்தான். ராக்கெட் விடுற நாளில் எங்க ஏரியா மொட்டை மாடியெல்லாம் ஹவுஸ்ஃபுல். 2023 ஜூலை 14 மதியம் அங்கிருந்து கிளம்பின சந்திரயான்-3, ஆகஸ்ட் 23 அன்று நிலாவில் இறங்கியது ஞாபகம் இருக்கும். இறங்கினதும் அது செஞ்ச வேலைகளில் ஒண்ணு, 'சேஸ்ட்' என்ற கருவியால் நிலாவுக்குக் காய்ச்சல் பார்த்தது. பத்து சென்சார் வெச்ச ஒரு குச்சியை மண்ணுக்குள்ள மெதுவா இறக்கினாங்க. 2025-ல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைப்படி, குச்சி இறங்கின இடத்தில் மேல்மண் வெப்பம் 82 டிகிரி செல்சியஸ். ஒரு மீட்டர் தள்ளி, சமதளத்தில் 59 டிகிரிதான்! காரணம், முதல் இடம் சூரியனைப் பார்த்து வெறும் ஆறு டிகிரி சாய்ஞ்சிருந்தது.

அதைவிட ஆச்சரியம், மண்ணுக்குள்ள எட்டு சென்டிமீட்டர் போனாலே மைனஸ் பத்து டிகிரி பக்கம். அதாவது உள்ளங்கை அகல மண், கொதிக்கிற வெயிலை உள்ளே விடாம நிறுத்திடுது. எங்க வீட்டு ஷீட்டோட கனம் ஆறு மில்லிமீட்டர். அது எதை நிறுத்தும் சொல்லுங்க?

"ஃபேனை வேகமா வைக்க வேண்டியதுதானே?" என்பீர்கள். அங்கேதான் ஃபிசிக்ஸ் வில்லனா வருது. சூடான ஷீட், காத்தைச் சூடாக்கறதோட நிக்காம அகச்சிவப்புக் கதிராவும் வெப்பத்தை நேரா உங்க மேல வீசும். ஃபேன் காத்தைத்தான் தள்ளும், கதிரைத் தள்ளாது. ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதி ஞாபகம் இருக்கா? செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ணி மறுநாளே மறந்தோமே, அதேதான். கெல்வின் வெப்பநிலையின் நாலாவது அடுக்கு. போட்டுப் பார்த்தேன். 60 டிகிரி ஷீட், 35 டிகிரி ஷீட்டைவிட சுமார் 37 சதவிகிதம் அதிகமா கதிர் வீசும். பாயில படுத்திருக்கிற மனுஷனுக்கு அது கிரில் சிக்கன் கணக்கு.

இதே விதியைத் திருப்பிப் போட்டு ஜெயிச்சிருக்காங்க. 2014-ல் ஸ்டான்ஃபோர்டில் ஆஸ்வத் ராமனும் அவர் குழுவும் ஒரு கண்ணாடிப் பரப்பு செஞ்சாங்க. வெயிலைத் திருப்பி அனுப்பிடும். தன் சூட்டை மட்டும் காற்றுமண்டலம் தடுக்காத அலைநீளத்தில் விண்வெளிக்குத் தள்ளிவிடும். விண்வெளி மைனஸ் 270 டிகிரி ஐஸ்பெட்டி இல்லையா! நட்ட நடு வெயில்ல, கரன்ட்டே இல்லாம, சுத்தியிருந்த காத்தைவிட அந்தப் பரப்பு கிட்டத்தட்ட 5 டிகிரி குளிர்ச்சியா இருந்தது. உடனே ஆர்டர் போட்டுடாதீங்க. நம்ம கடலோரக் காத்தில் ஈரப்பதம் ஜாஸ்தி. நீராவி அந்த ஜன்னலைப் பாதி மூடிடும். அதனால இங்கே அவ்வளவு பலன் கிடைக்காது. ஆனா, முதல் பாதி வேலைக்கு, அதாவது வெயிலைத் திருப்பி அனுப்ப, வெள்ளை சுண்ணாம்பே நல்லா உதவும்.

எதிர் வீட்டு அக்கா ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸ். "தலை சுத்துதுன்னு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேட்கிறது, கடைசியா எப்போ யூரின் போனீங்க, என்ன கலர்னுதான்" என்றார். சிரிச்சேன். அப்புறம் சென்னை ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் வித்யா வேணுகோபால் குழுவோட ஆய்வுகளைப் படிச்சதும் சிரிப்பு நின்னுடுச்சு. தென்னிந்திய இரும்பு ஆலை ஒன்றில் வேலை செய்றவங்களைப் பார்த்து 2020-ல் எழுதியிருக்காங்க. ஸ்கேன் எடுத்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குச் சிறுநீரகப் பாதையில் கல். அதிலும் பெரும்பாலானவங்க வெக்கையில் நிக்கிறவங்க. போன வருஷம் அப்பா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டதுக்கு "வெளிச்சாப்பாடு ஒத்துக்கலை"ன்னுதான் நாங்க நினைச்சிட்டிருந்தோம்.

பெண் தொழிலாளர்கள் பத்தி அதே குழு 2016-ல் சொன்னது இன்னும் சங்கடம். வேலை பார்க்கிற இடத்தில் கழிப்பறை சரியில்லை. அதனால தண்ணியே குடிக்காம இருக்காங்க. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2024-ல் வெளியான ஆய்வில், வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் சுமார் ரெண்டு மடங்கு. 'நிறைய தண்ணி குடிங்க'ன்னு போர்டு எழுதி வைக்கிறவங்க, பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கான்னு ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்.

சரி, முதலாளிகளுக்கு இதில் என்ன நஷ்டம்? இதுக்கு எகனாமிக்ஸ்காரங்க கணக்கு வெச்சிருக்காங்க. இ.சோமநாதனும் அவரோட சகாக்களும் இந்தியத் தொழிற்சாலைகளை வெச்சு 2021-ல் வெளியிட்ட ஆய்வு. சூரத் நெசவாலை முதல் பிலாய் தண்டவாள ஆலை வரை பார்த்தாங்க. வருஷ வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் உற்பத்தி சுமார் 2 சதவிகிதம் இறங்குது. ஏ.சி. போட்டா சரியாகாதா? வேலை நேரத்து உற்பத்தி ஓரளவு சரியாகுது. ஆனா, 'லீவு' குறையலை. ஏன்னா மில்லுக்குத்தான் ஏ.சி., அவங்க தூங்குற வீட்டுக்கு இல்லையே!

இந்த இடத்தில் சென்னையிலேயே நடந்த இன்னொரு ஆய்வைச் சேர்த்துப் படிச்சாதான் முழுப் படம் தெரியும். அதுவும் 2021-ல் வந்ததுதான். 452 பேர் மணிக்கட்டில் தூக்கத்தை அளக்கும் கருவி கட்டினாங்க. படுக்கையில் இருந்தது எட்டு மணி நேரம், நிஜமா தூங்கினது ஐந்தரை மணி நேரம்தான். காதடைப்பான், கண்மறைப்பு, ஃபேன் எல்லாம் கொடுத்து, ராத்திரித் தூக்கத்தை 27 நிமிஷம் கூட்டினாங்க. வேலையில் ஒரு மாற்றமும் இல்லை! ஆனா, மதியம் அரை மணி நேரம் நல்ல இடத்தில் குட்டித் தூக்கம் போடவிட்டதும் வேலை, கவனம், மனநிலை எல்லாம் தேறுச்சு. எனக்குத் தோணுறது, நிமிஷக் கணக்கைவிடத் தூக்கத்தோட தரம்தான் முக்கியம். (இந்தப் பேப்பரை லெக்சரர்கிட்ட காட்டித் தப்பிக்கலாம்னு பார்க்காதீங்க. நான் காட்டிப் பார்த்துட்டேன்.)

போன மாசம் ஞாயித்துக்கிழமை, சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து பாதி ஷீட்டுக்கு மட்டும் ரெண்டு கோட் அடிச்சேன். நீங்களும் செய்றதா இருந்தா ஷீட்டு மேல ஏறாதீங்க, ஏணியில நின்னு அடிங்க. பழைய ஆஸ்பெஸ்டாஸைச் சுரண்டவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன். பாதி மட்டும் ஏன்? ஒப்பிட்டுப் பார்க்கத்தான். அப்பாகிட்ட "சுண்ணாம்பு பத்தலை"ன்னு சொல்லிட்டேன்.

மூணாவது நாள் காலேஜ் விட்டு சீக்கிரம் வந்தேன். மணி ரெண்டு. வழக்கமா கிழக்குச் சுவர் ஓரமா இருக்கிற பாய் மேற்குப் பக்கம், வெள்ளையடிச்ச பாதிக்கு நேர் கீழே கிடந்தது. சாம்பிள் சைஸ் ஒண்ணே ஒண்ணு, அந்தப் பக்கம் ஜன்னல் வேற இருக்கு, எந்த ஜர்னலும் இதை ஏத்துக்காது. அப்பா வாயைத் திறந்துக்கிட்டுக் குறட்டை விட்டுட்டிருந்தார். நான் சத்தம் போடாம செருப்பைக் கழட்டி வெச்சேன்.